பிரிட்ஜ் ஓடியது, ஒயரை மாற்றிய பிறகு: 1000 வாட் இன்வெர்ட்டருடன் எட்டு மாதம்

எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. சோலார் பேனல், 12 வோல்ட்டில் 200 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள லெட் ஆசிட் பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர், அவ்வளவுதான். முதலில் வைத்திருந்த இன்வெர்ட்டர் 600 வாட் மாடிஃபைடு சைன் வேவ், அதாவது மின்சார அலையைப் படிக்கட்டு மாதிரி தருகிற வகை. அதில் விளக்கு எரியும், ஃபேன் உர்ரென்று உறுமிக்கொண்டே சுற்றும், பிரிட்ஜ் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். ஓடும்போது 120 வாட் இழுக்கிற பிரிட்ஜ், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கிறது.

அதனால்தான் இந்த 1000 வாட் ப்யூர் சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போலவே சீரான அலை தருகிற) இன்வெர்ட்டரை வாங்கினேன். ஃபேன் உறுமல் முதல் நாளே போய்விட்டது. ஆனால் பிரிட்ஜ் கிளம்பும்போதெல்லாம் இன்வெர்ட்டரின் அலாரம் கத்தியது. இன்வெர்ட்டரைக் குறை சொல்லத் தோன்றியது. அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தேன். 800 வாட் கெட்டிலைப் போட்டுப் பார்த்தால் பேட்டரி முனையில் 11.9 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.2. மீதி 0.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. இடையில் இருந்த ஒயரைத் தொட்டேன், நன்றாகச் சுட்டது. இன்வெர்ட்டரோடு கொடுத்த ஒயர்தான் அது, ஒன்றரை மீட்டர் நீளம், விரல் தடிமன்கூட இல்லை. 12 வோல்ட்டில் 1000 வாட் எடுத்தால் 83 ஆம்பியர், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 90-க்கு மேல். அதற்கு இந்த ஒயரைக் கொடுப்பது பெரிய தப்பு. 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை முக்கால் மீட்டருக்கு வெட்டி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து மாட்டினேன். அதே கெட்டிலுக்கு இப்போது 11.8 வோல்ட் வந்து சேருகிறது. அன்றிலிருந்து பிரிட்ஜ் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இன்னொரு குறை, எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் 0.9 ஆம்பியர் தின்கிறது. ஒரு நாளுக்கு 21 ஆம்பியர்-ஹவருக்கு மேல். பேட்டரி சீக்கிரம் கெடக்கூடாது என்று பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொள்கிறவன் நான். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பதே 100, அதில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. இரவு பத்து மணிக்கு நானே அணைத்துவிடுகிறேன். பிரிட்ஜில் ஐஸ் பாட்டில்கள் இருப்பதால் விடியும்வரை குளிர் நிற்கிறது.

கூலிங் ஃபேன் சத்தம் கொஞ்சம் அதிகம், படுக்கையறையில் வைக்க வேண்டாம். பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் தானாக அணைகிறது. ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரியும்போது அந்த அளவுக்கு இறங்கினால் பேட்டரி முழுக்கக் காலி என்று அர்த்தம். அதை 11.5-க்கு மாற்றிவைக்க ஒரு வசதி இருந்தால், யார் கேட்டாலும் யோசிக்காமல் இதையே வாங்கச் சொல்வேன். இப்போதைக்கு, மீட்டர் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.