ஸ்டிக்கரில் 3600, உள்ளே 2666: ரேம் வாங்குவோர் கவனத்துக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ரைசன் 5 5600 பிராசசர் போட்டு சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். ரேம் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும் என்று 3600 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக் கேட்டேன். பளபளவென்று ஹீட் சிங்க், மேலே 3600 என்று ஸ்டிக்கர். கடைப்பையன் விண்டோஸ் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "பாருங்க சார், 3600" என்று விரல் வைத்துக் காட்டினான். எனக்கும் அது போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது தலைவலி. பெரிய ஜிப் கோப்பை விரித்தால் பாதியில் சிஆர்சி எரர், அதாவது கோப்பு பழுது என்ற அறிவிப்பு வரும். அதே கோப்பு மறுமுறை ஒழுங்காக விரியும். வீடியோ ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் ப்ளூ ஸ்கிரீன். கடைக்கு போன் செய்தேன். "விண்டோஸ் பிரச்சினை சார், ஃபார்மேட் பண்ணுங்க." பண்ணினேன், இரண்டு தடவை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மேல் சந்தேகப்பட்டு நண்பனிடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டியதெல்லாம் தனிக் கூத்து.

கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ஓட்டினேன். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே எரர்கள் வரிசை கட்டின. ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டு ஓட்டினாலும் அதே கதைதான். சரி, மதர்போர்டின் செட்டிங்குகள் இருக்கும் பயாஸை ரீசெட் செய்து, ரேமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடலாம் என்று, செட்டிங்குகளை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வேகம் 2666-க்கு இறங்கியது. ரீசெட் செய்தால் இறங்குவது வழக்கம்தான். ஆனால் எக்ஸ்எம்பி என்ற வரியையே காணோம்.

அங்கேதான் குட்டு உடைந்தது. எந்த வேகம், எவ்வளவு வோல்ட் என்பதெல்லாம் ஸ்டிக்கிலேயே இருக்கும் எஸ்பிடி என்ற சின்ன சிப்பில் எழுதியிருக்கும். எக்ஸ்எம்பி புரொஃபைலும் அதற்குள்தான்; போர்டு அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவே. கணினியின் பாக விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தேன். இரண்டு ஸ்டிக்கும் 2666, 1.2 வோல்ட். எக்ஸ்எம்பி இல்லவே இல்லை. முன்பு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வேகம் கையால் 3600 என்று போடப்பட்டிருக்கிறது, வோல்டேஜ் 1.45. சாதா ரேமை அதன் வேகத்துக்கு மேல் அடித்து ஓடவிட்டு (ஓவர்கிளாக் செய்து) என் தலையில் கட்டியிருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜர் இப்போது ஓடும் வேகத்தைத்தான் சொல்லும். ஸ்டிக் எந்த வேகத்துக்குச் செய்தது என்பதை அதில் பார்க்க முடியாது.

கடைக்குப் போனேன். முதலாளி படத்தைப் பார்த்துவிட்டு, "ஓவர்கிளாக் பண்ணியிருக்கீங்களே சார், வாரண்டி கிடையாது" என்றார். பண்ணியதே உங்கள் பையன்தான் என்றேன். பில்லைக் கேட்டார். அதில் "டிடிஆர்4 8ஜிபி - 2" என்று மட்டும் இருந்தது. வேகமும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அதைப் படிக்காமல் பாக்கெட்டில் வைத்தது என் முட்டாள்தனம்.

ரேம் வாங்கப் போகிறீர்களா, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே எஸ்பிடி பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லாட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மாடல் நம்பர், வேகம், சீரியல் மூன்றும் பில்லில் ஏறட்டும். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்றால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இப்போதைக்கு 2933-ல், 1.35 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஓடி, மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் ஒரு எரர் இல்லாமல் முடிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். வேகத்துக்கென்று கூடுதலாகக் கொடுத்த காசு இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது.