ஐயாவின் றங்குப்பெட்டியும் ஒரு ஸ்கேன் கடையும்

பழைய எழுத்துப் பிரதிகளை யாழ்ப்பாணத்தில் எங்கே ஸ்கேன் செய்யலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கஸ்தூரியார் வீதிப் பக்கம் நான் போன கடையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஐயாவின் றங்குப்பெட்டியில் இருந்தவை 212 தட்டச்சுத் தாள்கள், கதைகளுக்கென்று அவரே கீறிய படங்கள், அச்சில் வந்த மூன்று புத்தகங்கள். புத்தகங்களை நான் கொண்டுபோகவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் அவை இருக்கின்றன, இலவசமாகவே வாசிக்கலாம்.

கடைத்தம்பி தாள்கட்டை அப்படியே மெஷினுக்குள் விடப் போனார். "தம்பி, கார்பன் கொப்பி, கிழிஞ்சுபோகும்" என்றேன். "ஓம் அன்ரி" என்றவர் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்தார். துருப்பிடித்த குண்டூசிகளையும் அவரே கழற்றினார். பொறுமைக்கு முழுப் புள்ளி.

புள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்த் தட்டச்சில் புள்ளிக்குத் தனி விசை. அதைத் தட்டினால் தாளைச் சுமக்கும் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதன் கீழே வந்து விழும். (அந்த விசைப்பலகையை வகுத்த ஆர். முத்தையா நம்முடைய சுண்டிக்குளிக்காரர்.) அவசரத்தில் விட்டுப்போன புள்ளிகளை ஐயா பிறகு நீல மையால் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவற்றில் பாதியைக் காணோம். மெஷினின் 'சுத்தமாக்கும்' வசதி அழுக்கென்று துடைத்துவிட்டது! அதை நிறுத்திவிட்டு நிறத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு குறை, ஒரு பக்கம்தான் எடுத்திருந்தார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே பத்திரிகையே கொப்பித் தாளில்தான் அச்சானது. ஐயா மட்டும் பின்பக்கத்தை வெறுமையாக விடுவாரா? அவருடைய நல்ல படங்கள் எல்லாம் அங்கேதான்.

திரும்பப் போனேன். முன்பக்கங்களை மறுபடி எடுக்கக் காசு வாங்கவில்லை, பின்பக்கத்துக்கு 30 ரூபா வீதம். படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தார், பென்சில் அழித்த தடம்கூடத் தெரிகிறது. ஒரு கதையின் கடைசித் தாளைத் திருப்பியவர் நின்றுவிட்டார். தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கு, பக்கத்தில் தட்டச்சு மெஷின், கீழே "மண்ணெண்ணெய் அரைப் போத்தல்" என்று கணக்கு.

"இது என்ன போத்தல் அன்ரி?"

விளக்கு எப்படிச் செய்வது என்று சொல்லத் தொடங்கினேன். பின்னால் ரியூசன் பிள்ளைகள் நோட்ஸ் கொப்பி எடுக்க நிரையில் நின்று முணுமுணுத்தார்கள். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.