சிற்றூரில் அகலப்பட்டை இணையம்: ஏழு ஆண்டுகளில் நான்கு இணைப்புகள்

நெடுஞ்சாலையிலிருந்து விலகிய ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, இணையத்தை நம்பியே வேலை பார்க்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் தொலைபேசிக் கம்பி, கோபுரத்திலிருந்து வரும் ரேடியோ அலை, செயற்கைக்கோள், ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை என நான்கு வகை இணைப்புகளைப் பயன்படுத்திவிட்டேன். நான்கிலும் என்னைச் சோதித்தது வேகம் அல்ல. பழுதானால் எப்போது சரியாகும் என்பது தெரியாமல் காத்திருந்ததுதான்.

கம்பி இணைப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொலைபேசிக் கம்பிவழியே இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தில் கிடைக்கும் 24 எம்பிபிஎஸ் வேகம் தொலைபேசி இணைப்பகத்துக்கு அருகில் இருப்போருக்கு உரியது. தாமிரக் கம்பியின் நீளம் கூடக்கூடச் சமிக்ஞை நலியும் என்பதால், 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த எனக்கு 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நல்ல நாள்.

அடுத்து வந்த ரேடியோ இணைப்பில் கோபுரம் என் மொட்டைமாடியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததால், இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். மரங்கள் இலையுதிர்ந்து நின்ற மாதங்களில் குறையில்லாமல் ஓடிய இணைப்பு, அவை தழைத்ததும் தடுமாறத் தொடங்கியது. இரண்டு மாதங்கள் ரூட்டரைச் சந்தேகித்து, அதை மாற்றியும் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிலோமீட்டர் செல்லும்போது, நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 8 மீட்டர் ஆரத்துக்குப் பரவுகிறது, அந்த வெளியின் பெரும்பகுதி தடையின்றி இருந்தாக வேண்டும். ஆன்டெனாக் கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தியதும் பகல்நேரத் தொல்லை தீர்ந்தது. எல்லோரும் படம் பார்க்கும் இரவு வேளையின் நெரிசலைத் தீர்க்க எந்தக் கம்பத்தாலும் முடியவில்லை.

செயற்கைக்கோளை ஓராண்டுகூட வைத்திருக்கவில்லை. பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்வி போய் அதன் பதில் திரும்புவதற்கே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிறது. கோப்புகளைப் பதிவிறக்க இது இடையூறு இல்லை. காணொளிக் கூட்டங்களிலோ, நானும் எதிரிலிருப்பவரும் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டு நிறுத்துவதுமாகவே பொழுது போனது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகைச் செயற்கைக்கோள்களில் இந்தத் தாமதம் பெரிதும் குறைவு என்றாலும், அதற்குள் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது.

ஃபைபருக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரே இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளளவு கொண்ட ஓர் இழையை, பெரும்பாலும் 32 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. ஆனாலும் இரவு நேர மந்தத்தை இங்கே நான் கண்டதில்லை. இடைவழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், வீட்டுக் கருவிகளுக்குச் சிறிய 12 வோல்ட் மின்கலம் ஒன்றை வைத்த பிறகு மின்வெட்டிலும் வேலை நிற்பதில்லை.

ஒருமுறை மட்டும் பள்ளம் தோண்டிய இயந்திரம் இழையை அறுத்துவிட்டது. தாமிரக் கம்பியாக இருந்தால் உள்ளூரிலேயே யாராவது முறுக்கி இணைத்திருப்பார்கள். கண்ணாடி இழையை உருக்கி ஒட்டுவதற்குத் தனி இயந்திரமும் பழகிய கைகளும் வேண்டும். அவை எங்கள் ஊருக்கு வந்து சேரப் பதினொரு நாட்கள் ஆயின. அந்தப் பதினொரு நாட்களும் வேலை நடந்தது, கழற்றச் சோம்பல்பட்டு மாடியிலேயே விட்டுவைத்திருந்த பழைய ரேடியோ ஆன்டெனாவின் தயவில்தான். அதன் சந்தாவை மிகக் குறைந்த திட்டத்துக்கு மாற்றி, இன்றும் தொடர்ந்து கட்டிவருகிறேன்.