மண்டபத்துக்கு எல்இடி வால் போடுகிறீர்களா? முழுப் பணத்தைக் கொடுக்கும் முன் புள்ளிகளை எண்ணுங்கள்

ஈரோடு பக்கம் எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்துக்குப் பதிலாகப் பெரிய எல்இடி திரை வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவானது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலி. அந்த மாதத்திலேயே வேலையை முடித்து ஆவணியில் திரையை ஓடவிடுவது என்று திட்டம். மூன்று கொட்டேஷன் வாங்கி, சதுர அடிக்கு விலை குறைவாகச் சொன்னவருக்கு ஆர்டர் போனது. அவர் பெயரை எழுதப் போவதில்லை, விவகாரம் வக்கீலிடம் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நடந்தது வேறு எந்தச் சங்கத்துக்கும், பள்ளிக்கும், கோயில் மண்டபத்துக்கும் நடக்கலாம்.

கொட்டேஷனில் இருந்தது மொத்தமே நான்கு வரி. பி 2.5 இன்டோர் எல்இடி வால், 13க்கு 8 அடி, 104 சதுர அடி, இரண்டு வருட வாரன்டி. இந்த பி 2.5 என்பது எரியும் ஒரு எல்இடி புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு 2.5 மில்லிமீட்டர் என்று அர்த்தம். எண் குறையக் குறையப் படம் தெளிவாகும், விலையும் ஏறும். பணம் முழுக்க இந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

திரை வந்து மாட்டியாயிற்று. டெமோ வீடியோவில் மயில் ஆடியது, அருவி கொட்டியது, எல்லோரும் கைதட்டினோம். டெமோ வீடியோ எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும், அதற்கென்றே எடுத்தது. மணமக்கள் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டபோதுதான் ஓரமெல்லாம் பிசிறடித்தது. எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி ஏணியில் ஏறி ஒரு மாட்யூலில், அதாவது திரையைச் சேர்த்துக் கட்டும் சின்னப் பலகை ஒன்றில், புள்ளிகளை எண்ணினான். சந்தையில் அதிகம் வரும் மாட்யூல் 320க்கு 160 மில்லிமீட்டர். பி 2.5 என்றால் அதில் அகலவாக்கில் 128 புள்ளி, உயரத்தில் 64 இருக்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது 104, 52. அதாவது பி 3.07. திரை முழுக்கக் கணக்குப் போட்டால் 1536க்கு 960 வர வேண்டிய இடத்தில் 1248க்கு 780. மூன்றில் ஒரு பங்கு புள்ளி இல்லை. காசு மட்டும் முழுசாகப் போயிருக்கிறது.

விற்றவருக்குப் போன் செய்து கேட்டால், "இந்தத் தூரத்துல இருந்து பார்த்தா யாருக்குமே தெரியாதுங்க சார்" என்றார். உண்மையைச் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் வரிசை நாற்காலி பதினைந்து அடிக்கு அப்பால்தான், பி 3 திரையே எங்களுக்குப் போதும். அப்படியென்றால் பி 3 என்று சொல்லி, பி 3 விலைக்கு விற்றிருக்க வேண்டும், இல்லையா?

அப்புறம் டேப் வைத்து அளந்தோம். மாட்யூல்களைப் பொருத்தும் பெட்டியைக் கேபினட் என்பார்கள். 640க்கு 480 மில்லிமீட்டர் கேபினட், அகலத்தில் ஆறு, உயரத்தில் ஐந்து. மொத்தம் 3.84 மீட்டருக்கு 2.4 மீட்டர். அடிக் கணக்கில் சுமார் 99 சதுர அடி. 104 எங்கிருந்து வந்தது என்றால், சுற்றிலும் அடித்த அலுமினியச் சட்டத்தையும் திரை என்று அளந்திருக்கிறார்கள். எரியாத சட்டத்துக்கும் எல்இடி விலை!

இதைவிடப் பெரிய தலைவலி முதல் முகூர்த்தத்தன்று வந்தது. போட்டோகிராபர் எடுத்த படங்களில் மணமக்களுக்குப் பின்னால் கறுப்புப் பட்டைகள். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது இது. 1920 ஹெர்ட்ஸ், 3840 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ரகம் பரவலாக விற்கிறது. கேமரா ஓடும் இடத்துக்கு 3840தான் சரி. கொட்டேஷனில் அந்த எண்ணே இல்லை, அதனால் மலிவானதை மாட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, போட்டோகிராபர் கேமராவின் ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். கல்யாண மண்டபத்தில் திரை இருப்பதே படத்தில் நன்றாக விழத்தானே!

திரை முழுக்க வெள்ளையைப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சில மாட்யூல் நீலம் கலந்த வெள்ளை, சில லேசான ரோஸ், சதுரங்கப் பலகை மாதிரி. வேறு வேறு பேட்ச், அதாவது வேறு வேறு தடவை தயாரித்த சரக்கைக் கலந்திருக்கிறார்கள். ஒரே மாடல் எண் இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் மாறும். அதனால்தான் உதிரி மாட்யூலையும் அதே பேட்சில் முதலிலேயே வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த உதிரிகள் ஏற்கெனவே எங்கோ எரிந்த பழசு, பின்பக்கம் தூசியே போகவில்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு வரும் மூன்று ஃபேஸ் மின் இணைப்பில் மொத்தத் திரையையும் ஒரே ஃபேஸில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீடியோ ஓடும்போது ஒன்றும் ஆகாது. வெள்ளைப் பின்னணி வந்தால்தான் மின்சார இழுவை உச்சத்துக்குப் போகும். ஏசியும் அதே ஃபேஸில் இருக்க, தாலி கட்டும் நேரத்தில் எம்சிபி, அதாவது சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது. பெண்ணின் தாய்மாமன் எங்கள் பொருளாளர் அண்ணனைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பிறகு நாங்களே ஆள் வைத்து மூன்று ஃபேஸுக்கும் பிரித்தோம்.

மாட்யூலுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி ஒன்று கெட்டபோது அடுத்த தலைவலி. பின்பக்கமாகத் திறக்கும் கேபினட்டைச் சுவரோடு ஒட்டி அடித்திருக்கிறார்கள், கை நுழைய இடமில்லை. ஒரு வரிசையையே கழற்ற வேண்டியதாயிற்று. சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் முன்பக்கம் காந்தக் கருவி வைத்து மாட்யூலை எடுக்கும் ரகம் கேளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஆள் நிற்க இடம் விடச் சொல்லுங்கள்.

படத் தகவலை வாங்கி மாட்யூல்களுக்குக் கொடுக்கும் ரிசீவிங் கார்டு ஒன்று செத்தபோதுதான் அவர்களுடைய உண்மையான பிடி எங்கே இருக்கிறது என்று புரிந்தது. புதுக் கார்டை வாங்கி மாட்டினால் மட்டும் படம் வராது. அந்த மாட்யூலுக்கான அமைப்பு விவரம் அடங்கிய கான்பிகரேஷன் கோப்பை அதில் ஏற்ற வேண்டும். கோப்பு அவர்களிடம், எங்களிடம் இல்லை. வாரன்டி காலத்திலேயே "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகக் கேட்டார்கள், முகூர்த்தம் நெருங்கியதால் கொடுத்துத் தொலைத்தோம். திரை நன்றாக ஓடும்போதே அந்தக் கோப்பையும், மென்பொருள் கடவுச்சொல்லையும், வயரிங் வரைபடத்தையும் பென்டிரைவில் வாங்கி வையுங்கள். தர மறுக்கிறவரிடம் திரை வாங்காதீர்கள்.

பணம் கேட்ட விதத்தையும் கவனியுங்கள். பாதி அட்வான்ஸ், சரக்கு இறங்கியதும் மீதியில் பெரும்பகுதி, மாட்டியதும் பாக்கி. டெமோ முடிந்த அன்றே பாக்கியையும் வாங்கிக்கொண்டு போனார்கள், அதன் பிறகு போனை எடுக்க அவர்களுக்கு அவசரமில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று இப்போது திரை வாங்குகிறது. ஐந்தில் ஒரு பங்குத் தொகையை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் தருவோம் என்று எழுதி வாங்கச் சொன்னோம். மாட்யூலின் புள்ளி எண்ணிக்கை, ஹெர்ட்ஸ், ஒரே பேட்ச், எரியும் பரப்புக்கு மட்டும் விலை, இதெல்லாம் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஏறியிருக்கிறது. இரண்டு பேர் உடனே ஒதுங்கிக்கொண்டார்களாம். மூன்றாமவர் சதுர அடி விலையை ஏற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எங்கள் பக்கம் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வாடகைக்கு விடும் மண்டபம், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும் என்கிறார் வக்கீல். அதனால் சிவில் வழக்கையும் யோசிக்கிறோம். மாட்யூலை எண்ணியதை வீடியோ எடுத்து, கொட்டேஷன், பில், டெலிவரி சலானோடு சேர்த்து வைத்திருக்கிறோம். பில்லிலும் பி 2.5 என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள்.