டாஸ்கிரெய்ன்: காசில்லைங்க, ஆனா டீநாய்ஸ் சுத்தமா இருக்கோணும்

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஷாட்டில் கரண்ட் கம்பியை அழிக்கிறது பெரிய வேலையில்லைங்க. அழிச்ச இடம் மட்டும் சாணி மெழுகின திண்ணை மாதிரி வழுவழுன்னு நிக்கும், சுத்தியுள்ள வானம் பொறிபொறியா அசையும். அந்தப் பொறிதான் கிரெய்ன். மாட்டிக்கிறது அங்கதான். படங்களை ஒண்ணாச் சேர்த்து ஒட்டுற மென்பொருளான நியூக்கில், கிரெய்ன் போடுற நோட்டில் (வேலைக் கட்டத்தில்) இருக்கிற கோடாக் 5248, 5279 ஃபிலிம் ப்ரீசெட் (தயார் அளவு) டிஜிட்டல் பிளேட்டோட, அதாவது டிஜிட்டல் கேமராவில் எடுத்த மூலப்படத்தோட, ஒட்டாது. ரீகிரெய்ன்ங்கிற இன்னொரு நோட் தேவலாம், ஆனா மாதிரி எடுக்க வெறுஞ்சுவர் மாதிரி ஒரு இடம் கேட்கும். தோப்புக்குள்ள சுவத்துக்கு எங்க போறது?

ஃபேபியன் ஹோல்ட்ஸ் செஞ்சு நியூக் கருவிகளைப் பகிர்ற தளமான நியூக்பீடியாவில் இலவசமாக் கொடுத்திருக்கிற டாஸ்கிரெய்ன்ங்கிற கருவி, ஒரிஜினல் பிளேட்டிலிருந்து டீநாய்ஸ் பண்ணின (பொறியைத் துடைச்செடுத்த) பிளேட்டைக் கழிச்சு, மிஞ்சுறதைக் கிரெய்னா எடுத்துக்குது. எந்த வெளிச்சத்தில் எவ்வளவுன்னு அளந்து, காம்ப்புக்கு (ஒட்டி முடிச்ச படத்துக்கு) தக்கபடி கூட்டிக் குறைச்சுப் போடுது. நீங்க தொடாத பிக்சலுக்கு அதோட சொந்தக் கிரெய்னே திரும்பி வந்துரும். இந்த ஒண்ணுக்காகவே வெச்சுக்கலாம்.

குறை எங்கேன்னா, கழிச்சதில் கிரெய்ன் மட்டும் இருக்குன்னு அது நம்பிக்குது. திருப்பூர் பனியன் விளம்பரத்தை எடுத்துக்குங்க. டீநாய்ஸை அழுத்திப் பிடிச்சா பின்னல் வரியும் சேர்ந்து போயிரும். அப்புறம் மாடல் தோள்மேல வெச்ச சிஜி (கம்ப்யூட்டரில் செஞ்ச) லோகோவில் அதே வரி ஆவி மாதிரி ஊர்ந்துட்டு இருக்கும். அதனால கிரெய்னை அளக்கிற அனலைஸ் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, கழிச்ச படத்தை வியூவரில் கெயின் (வெளிச்சம்) ஏத்திப் பாருங்க. துணி வரியோ ஓலைக் கீத்தோ தெரிஞ்சா டீநாய்ஸைக் குறைச்சு மறுபடி ஓட்டோணும்.

கம்பி அழிச்ச இடத்துக்கு மேஸ்க் (அந்த இடத்தைக் குறிச்சு ஒதுக்குற வடிவம்) கட்டாயம். கம்பியோட ஓரம் கழிச்ச படத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும். மேஸ்க் இல்லைன்னா அழிச்ச கம்பி திரும்ப எட்டிப் பார்க்கும். கம்பியை அழிக்க வரைஞ்ச ரோட்டோ ஓரத்தைவிட மேஸ்க்கைச் சில பிக்சல் அகலமா வைங்க. அதுக்குள்ளே டாஸ்கிரெய்ன் வேற இடத்துக் கிரெய்னைச் சிதறவிட்டு நிரப்பிக்கும்.

பெயிண்ட், ரீடைம் (வேகம் மாத்துறது), ஸ்டெபிலைஸ் (ஆட்டத்தை நிறுத்துறது) எல்லாம் டீநாய்ஸ் பிளேட்டில்தான். ஒரிஜினலில் ஃப்ரேம் ஹோல்ட் (ஒரே ஃப்ரேமை நிறுத்தி வெக்கிறது) போட்டா உறைஞ்சு நிக்கிற பழைய கிரெய்ன்மேல புதுசும் ஏறி ரெட்டையாயிரும். கிரெய்ன் போட்ட பிறகு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துறது, பெருசாக்குறது) வெச்சா அதோட ஃபில்டர் அதை மழுக்கிரும். அதனால டாஸ்கிரெய்ன் கடைசியில.

அந்தி நேர பிளேட்டில் பளிச்னு ஒரு சிஜி விளக்கு சேர்த்தா கவனம். பிளேட்டில் இல்லாத வெளிச்சத்துக்கு அதுகிட்ட அளவே கிடையாது; அந்த இடத்தில் கையாலதான் சரிபண்ணோணும். அனலைஸுக்கும் இருட்டு, வெளிச்சம் ரெண்டும் இருக்கிற ஃப்ரேம்களாப் பார்த்துக் கொடுங்க.

ரெண்டர் பண்ணின படத்தை அனுப்புறதுக்கு முன்னாடி நீலச் சேனலை மட்டும் தனியாத் திறந்து ஓடவிட்டுப் பாருங்க. பொதுவாக் கிரெய்ன் அதிகமா இருக்கிறது அதில்தான். நிறுத்தி வெச்ச ஃப்ரேமில் சரியாத் தெரிஞ்ச ஒட்டு, ஓட விட்டா ரெண்டு செகண்டில் காட்டிக்கொடுத்துரும்.