சங்கீதக் கதிரையில் முதல் ஆளாக வெளியே

போன ஆகஸ்டில் லண்டனிலிருந்து போய் நான்கு கிழமை ஊரில் நின்றோம். நல்லூர், கீரிமலை, மாமி வீட்டுக் கூழ் எல்லாம் வழக்கம் போல நடந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். மகளை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு விடுமுறை முகாமுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு காலைப்பொழுதில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. காது சரியாகக் கேட்காது, இரண்டு காதிலும் கேட்க உதவும் மெசின். இங்கிலாந்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில கிழமைகளுக்குள் காதுப் பரிசோதனை செய்வார்கள், அதில்தான் தெரிய வந்தது. ஆங்கிலமும் பிரித்தானியச் சைகை மொழியும் அவளுக்கு நன்றாக வரும், தமிழ் கொஞ்சம். மெசின் போட்டால் எல்லாம் கேட்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்துத் தெளிவது போன்ற விஷயம் இல்லை இது. மெசின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் கூட்டும். ஒன்றிரண்டு மீற்றருக்குள் நின்று முகம் பார்த்துக் கதைத்தால் பிடித்துக்கொள்வாள். ஐம்பது பிள்ளைகளும் ஒலிபெருக்கியும் உள்ள மண்டபத்தில் அவளுக்குக் கிடைப்பது இரைச்சல் மட்டும்தான்.

இதையெல்லாம் முதலே கோல் எடுத்துச் சொன்னேன். "ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா, பிள்ளையைக் கொண்டு வந்து விடுங்கோ" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லண்டனில் இந்த மாதிரிப் பதில் ஒருநாளும் கிடைத்ததில்லை. அங்கே முதலில் ஒரு நீண்ட படிவம் வரும். எந்தப் பக்கம் நின்று கதைக்க வேண்டும், நெருப்பு எச்சரிக்கை மணி அடித்தால் அவளுக்கு யார் சொல்வது, நீந்தும்போது மெசினைக் கழற்றினால் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எத்தனை தரம் அந்தப் படிவங்களைத் திட்டிக்கொண்டு நிரப்பியிருப்பேன்! ஊரில் மனிதர்கள் மனதால் நடக்கிறார்கள் என்று அன்று என் கணவருக்குக்கூடச் சொன்னேன்.

முதல் நாள் தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கத் திரும்பிப் போனபோது சங்கீதக் கதிரை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் விளையாட்டுப் போட்டிகளில் ஓடியதுதான். பாட்டு ஓடும், பிள்ளைகள் சுற்றுவார்கள், பாட்டு நிற்கும், இருப்பார்கள். மகள் பாட்டைக் கேட்கவில்லை, மற்றப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு சுற்றினாள். கால்கள் நின்றதை அவள் கண்டுகொள்ளும் அந்த அரை நொடிக்குள் கதிரைகள் நிரம்பிவிட்டன. ஒலிவாங்கியில் அவளுடைய பெயரைச் சொல்லி "அவுட்" என்றார்கள். அதுவும் அவளுக்கு விளங்கவில்லை. கதிரைகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு பொடியன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் பிழை இல்லை, யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த விளையாட்டு விசிலுக்கு ஓடுவது. அதற்கு அவளைக் கூப்பிடவே இல்லை. மூலையில் ஒரு மேசை போட்டு நிறம் தீட்டத் தாள் கொடுத்தார்கள். மதியம் கூட்டிக்கொண்டு வரப் போனபோது ஐந்து தாள் முடித்திருந்தாள். பொறுப்பாளர் சந்தோசமாகத்தான் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளை அக்கா, ஒரு கரைச்சலும் தரேல்லை."

ஓட்டோவில் வரும்போது அவள் கையால் கேட்டாள்: "நான் என்ன பிழை செய்தேன்?"

ஐந்து நாளுக்கு 7,500 ரூபா கட்டியிருந்தேன். அடுத்த நாள் விடவில்லை. காசைக் கேட்கவும் மனம் வரவில்லை. 'பிரச்சினை இல்லை' என்றால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள் என்பது எனக்கு அன்று விளங்கியது. உள்ளே வரவிட்டு ஒரு மேசையில் இருத்துவதைச் சேர்த்துக்கொள்வது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லண்டனிலும் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தனியாக ஒரு உதவியாளரை நீங்களே கொண்டு வந்தால்தான் சேர்ப்போம் என்று அங்கே ஒரு கழகம் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆனால் 2010 சமத்துவச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நியாயமான மாற்றங்களைச் செய்து பிள்ளையைச் சேர்ப்பது நடத்துபவர்களின் கடமை என்று அது சொல்கிறது, அதைக் காட்டிக் கேட்க முடிந்தது. இலங்கையிலும் 1996 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென ஒரு சட்டம் வந்தது. ஒரு விடுமுறை முகாமின் வாசலில் நின்று அதைச் சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரம் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டு நடத்துகிறார்கள் என்று மச்சாள் சொன்னாள். முன்பள்ளி ரீச்சர் ஒருவர், காசு ஒன்றும் இல்லை. எங்கள் காலத்தில் விடுமுறை என்றால் ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள். இப்போது எல்லாரும் ரியூஷனில், வந்தது பதினைந்து பேர்தான். நான் வாய் திறக்க முதலே ரீச்சர் கேட்டார்: "இவவுக்கு எந்தப் பக்கம் நிண்டு கதைச்சால் சுகம்?" லண்டன் படிவத்தின் முதல் கேள்வி! அந்த வரியை இந்த ரீச்சருக்கு யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

விசிலை வைத்துவிட்டு ஒரு சிவப்புத் துணியை எடுத்தார். துணி மேலே போனால் ஓட்டம், கீழே வந்தால் நிற்பது. வாய் பார்த்து விளங்கிக்கொள்வாளா என்று கேட்டபோது நான் சொன்னேன், 'பாடு', 'மாடு' இரண்டையும் சத்தமில்லாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும் என்று. அந்த இடத்திலேயே சொல்லிப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு விளையாட்டையும் ஒருதரம் செய்து காட்டிவிட்டுத்தான் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளுக்கும் அது நன்றாகவே விளங்கியது.

மூன்றாம் நாள் கிளித்தட்டு. மண்ணில் கோடு கீறி விளையாடினார்கள். கோடுகளில் ஒரு பக்கத்தார் மறித்து நிற்பார்கள், மற்றப் பக்கத்தார் அவர்களிடம் அடிபடாமல் கடந்து போக வேண்டும். மறிப்பவர்களில் நடுக்கோட்டிலும் ஓடக்கூடியவர்தான் கிளி. கிளி கையைத் தட்டினால் ஆட்டம் தொடங்கும், அதைக் கண்ணால் பார்த்தாலே போதும். மறிப்பவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கால் பாரம் தாங்குகிறது என்று படிக்க வேண்டிய விளையாட்டு அது. நாள் முழுக்க முகத்தையும் கையையும் படித்தே வாழும் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? தட்டுத் தட்டாகக் கடந்து போனாள். நான் சத்தம் போட்டுக் கத்தினேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

அன்றுதான் மதிலில் இருந்த பிள்ளையைக் கவனித்தேன். பதின்மூன்று வயது இருக்கும். அவளுக்கும் காது கேட்காது. கைதடியில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் நவீல்ட் பாடசாலையில் விடுதியில் நின்று படிக்கிறாள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே கூட்டாளிகளோடு கையால் கதைத்துப் பழகியவளுக்கு ஊரில் கதைக்க ஒரு ஆள் இல்லை. "லீவுக்கு வந்தால் பள்ளிக்கூடம் எப்ப துடங்கும் எண்டுதான் இது கேக்கும்" என்று அவளுடைய அம்மா சொன்னார். காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலானோர் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டில் அன்பு நிறைய இருக்கும், மொழி இருக்காது.

மகள் போய்ப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருடைய சைகையும் வேறு வேறு. ஒருத்தி மாங்காய் என்று காட்டினால் மற்றவள் தலையை ஆட்டித் தன்னுடையதைக் காட்டுவாள். விளங்காததை மண்ணில் கீறினார்கள். பொழுதுபட்டும் எழும்பவில்லை. மற்றப் பிள்ளைகளும் சுற்றி இருந்து பழகத் தொடங்கினார்கள். நாங்கள் வெளிக்கிடும்போது ரீச்சருக்கே இருபது சொல் தெரியும்.

போன கிழமை மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதே முற்றம், அதே சிவப்புத் துணி. நடுக்கோட்டில் கிளியாக நிற்பது அந்தக் கைதடிப் பிள்ளை. மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள்.