ஆர்ம் லிஃப்ட் ஆபரேஷனுக்கு ‘ரெக்கவரி பேக்கேஜ்’ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எடையைக் குறைத்த பிறகு கையில் தொங்கும் சதையை எடுக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். 2022-ல் பேரியாட்ரிக் ஆபரேஷன் (எடை குறைக்க வயிற்றில் செய்வது) செய்து 118 கிலோவிலிருந்து 67-க்கு வந்தவள் நான். எடை ஒரு வருஷம் ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகுதான் ஆர்ம் லிஃப்டுக்குப் போனேன். அழகுக்காகச் செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். சென்னை வெயிலில் அந்த மடிப்பு வேர்த்துப் புண்ணாகி, ரவிக்கைக் கை உரசி ரத்தம் கசிந்த நாட்கள் அவர்களுக்குத் தெரியாது.

நகருக்குள்ளேயே ஒரு கிளினிக். ஆபரேஷனுக்கு 1,90,000 ரூபாய். அதற்குமேல் 38,000-க்கு ‘கம்ப்ளீட் ரெக்கவரி பேக்கேஜ்’: ஏழு நாள் வீட்டுக்கு ஸ்டாஃப் நர்ஸ், வீக்கம் குறையக் கையில் இறுக்கமாக மாட்டும் பிரஷர் ஸ்லீவ் இரண்டு, டயட் ஆலோசனை, டிரஸ்ஸிங். “நீங்க எதையும் யோசிக்காதீங்க மேடம், எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்” என்றார் கோஆர்டினேட்டர். இன்ஷூரன்ஸில் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது பொய். அழகுக்கான ஆபரேஷன், பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாம் பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு, அல்லது மருத்துவ ரீதியாகக் கட்டாயம் என்றால்தான் பணம். என் கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சர்ஜனைக் குறை சொல்ல மாட்டேன். முறையாக பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவர், தையல் நேர்த்தி. ஆனால் அவர் விசிட்டிங். ஆபரேஷன் முடிந்ததும் போய்விட்டார். மறுநாள் காலை டிஸ்சார்ஜ். அதன்பின் எதைக் கேட்டாலும் பதில் சொன்னது கோஆர்டினேட்டர்தான்.

என் கையைக் கெடுத்தது ஒரு சின்ன விஷயம். தோலுக்கு அடியில் ஊறும் நீரை வெளியே எடுக்க இரண்டு கையிலும் மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். முனையில் சாத்துக்குடி அளவில் ஒரு பல்பு. அதை டிரெயின் என்பார்கள். நீரைக் கொட்டிவிட்டு, பல்பை நன்றாக அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே மூடியைப் போட வேண்டும். அது விரியப் பார்க்கும்போதுதான் உள்ளே இருப்பதை இழுக்கும். பேக்கேஜில் நர்ஸ் என்று வீட்டுக்கு வந்த பெண் தினமும் கொட்டினாள், துடைத்தாள், உப்பிய பல்பை அப்படியே மூடினாள். எத்தனை மில்லி வந்தது என்று எழுதவும் இல்லை. மூன்றாம் நாள் இடது பல்பில் ஒன்றுமே வரவில்லை. “நின்னுடுச்சுக்கா, நல்லதுதான்” என்றாள். நானும் நம்பினேன். நின்றது வெளியே வருவதுதான். உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது.

ஆறாம் நாள் ராத்திரி காய்ச்சல் 102. கிளினிக்குக்கு போன் செய்தால், “முதல் வாரம் நார்மல் மேடம், பாராசிட்டமால் போடுங்க.” விடிந்ததும் அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றி வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஊசி வைத்து உறிஞ்சினார்கள், கலங்கிய நீர் இரண்டு சிரிஞ்சு நிறைய. அக்குளில் தையல் விட்டுப்போயிருந்தது. அது மூட ஆறு வாரம் டிரஸ்ஸிங்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. 19 வயசு. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சேர்ந்தவளாம், டிரெயினை என் கையில்தான் முதலில் பார்த்தாளாம். அவளை ஸ்டாஃப் நர்ஸ் என்று பில் போட்டவர்கள் மேல்தான் கோபம். நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எண் இருக்கும். முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஸ்லீவ் கதையும் அப்படித்தான். அளவே எடுக்காமல் அலமாரியிலிருந்து ‘எல்’ சைஸை எடுத்துக் கொடுத்தார்கள். முழங்கைக்குக் கீழே சுருண்டு கயிறு கட்டியது போல இறுக்கியது. விரல்கள் வீங்கி மோதிரத்தை சோப்புப் போட்டுக் கழற்றினோம். பில்லில் ஜோடி 8,500. பிறகு பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு சர்ஜிகல் கடையில், டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்து 2,600-க்குக் கொடுத்தார்கள்.

டயட் ஆலோசனை என்பது வாட்ஸப்பில் வந்த ஒரு பக்கம். பேரியாட்ரிக் ஆனவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, புரதம் எல்லாம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். குறைந்திருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), ஆல்புமின் (ரத்தப் புரதம்), பி12 பார்த்திருக்க வேண்டும் என்று இரண்டாவது ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். எனக்கு ஃபெரிட்டின் தரைதட்டியிருந்தது.

வீட்டைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. நான் பாயில் படுக்கிறவள். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாது என்பது முதல் ராத்திரிதான் உறைத்தது. கட்டில் வேண்டும், இரண்டு பக்கமும் கையை உயர்த்தி வைக்கத் தலையணை வேண்டும். முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி குறைந்தது நாலு வேண்டும், தலைவழியாக எதையும் போட முடியாது. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் தலை வாருவது, பரணில் டப்பா எடுப்பது எல்லாம் வாரக்கணக்கில் இல்லை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரிதான். குடம் தூக்கிய முதல் ஆள் பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்: ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் போனை எடுப்பார், டிரெயினை யார் பார்ப்பார், எத்தனை மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள், ஸ்லீவுக்கு அளவு எப்போது எடுப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்றே வீட்டு ஆள் முன்னால் நர்ஸை ஒருமுறை பல்பை அமுக்கி மூடிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் ஆகாது.

நான் என் கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சைப் பதிவை, கிளினிக்கில் எழுத்தில் கேட்டேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. எனக்கு ஒன்பதாம் நாள் கிடைத்தது, அதில் டிரெயின் அளவு என்ற கட்டம் ஏழு நாளும் காலி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்த பிறகு ஸ்லீவ் பணத்தை மட்டும் திருப்பினார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். அந்தக் காலிக் கட்டங்களின் நகலைத்தான் முதல் ஆவணமாக வைத்திருக்கிறேன்.